பல் பட்ட மரமீன்கள்

மிஸ்டர் ஜெபராஜ் இறந்த செய்தி வந்ததும், நான் உடலைப் பார்க்கப் போகாமல் நேராக அவருடைய வேலை அறைக்குள் நுழைந்து, அவர் செய்த மரமீன்கள் இருந்த தகரப் பெட்டியைத் தூக்கி வந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இது உண்மை அல்ல. அன்று அந்த அறைக்குள் நான் கால் வைக்கவே இல்லை. பெட்டி அதற்கு முன்பே என் வீட்டில், என் பீரோவில், பூட்டுக்குள் இருந்தது. கொண்டுவந்து வைத்தவர் அவரே. எதற்காக வைத்தார் என்பதைத்தான் இங்கே எழுதப்போகிறேன். தூண்டில் நண்பர்கள் சங்கம் கொண்டுவரும் இந்த நினைவு மலருக்கு என்னிடம் கட்டுரை கேட்டவர்கள், இரண்டு பக்கம் போதும், இனிமையாக இருக்கட்டும் என்றார்கள். இரண்டு பக்கத்தில் இது அடங்காது. இனிமைக்கும் நான் உறுதி தர முடியாது.

பேச்சு என் காதுக்கு வந்தது, வீட்டில் பாத்திரம் தேய்க்கும் கன்னியம்மா மூலம். "நீங்க பொட்டிய தூக்கினு வந்துட்டீங்கன்னு பேசிக்கினு கீறாங்கம்மா. உள்ள இன்னாதான் கீது, நகையா?" என்று கேட்டாள். மரத்தில் செதுக்கிய மீன்கள் என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, சரி என்று தலையாட்டிக்கொண்டு போனாள். பல வருடமாக என் வீட்டுச் சாவியை வைத்திருப்பவளே நம்பவில்லை என்றால் ஊர் எப்படி நம்பும்?

செய்தி வந்த காலையில், பால் பாக்கெட்டில் அச்சிட்டிருந்த தேதியைக் கண்ணாடி போட்டுச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அவருடைய மகள் பியூலா போனில் கூப்பிட்டாள். "அப்பா போயிட்டாங்க ஆன்ட்டி" என்றாள். "எங்கே போனார்? ஏரிக்கா?" என்று கேட்டேன். நெஞ்சுவலிக்காக மருத்துவமனையில் இருந்துவிட்டு அப்போதுதான் வீடு திரும்பியிருந்தார். படி இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். டாக்டர் சொன்னதைக் கேட்கிற மனிதர் இல்லை என்பதால், தூண்டிலை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார் என்றே என் மனம் முதலில் சந்தேகப்பட்டது. பியூலா அழுத பிறகுதான் அவள் சொன்ன சொல்லின் பொருள் எனக்குப் புரிந்தது. உடனே போனேன். கல்லறைக்கு எடுத்துச் செல்லும்வரை அவர் தலைமாட்டில்தான் உட்கார்ந்திருந்தேன். இதைப் பார்த்தவர்கள் உங்களிலேயே நிறையப் பேர் இருக்கிறீர்கள்.

அவரை அறியாதவர்களுக்காகச் சிறிது சொல்ல வேண்டும். தெற்கே நாசரேத் பக்கத்தில் பிறந்தவர். ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில், கார்களுக்கான பிளாஸ்டிக் பாகங்களை வார்க்கும் அச்சுகளை வடிவமைத்து ஓய்வு பெற்றவர். மனைவி காலமான பின் மகளோடும் மருமகனோடும் மண்ணூரில், எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் எழுந்த அடுக்குமாடியில் குடியேறினார். தற்பெருமை அதிகம். தன்னைவிட நன்றாக வரைபடம் போடத் தெரிந்தவர் ஒரகடம் சாலையில் எவரும் இல்லை என்று யாரும் கேட்காவிட்டாலும் சொல்வார். விரால் பிடிப்பதற்காகத் தூண்டிலில் கட்டி வீசும் சிறிய மீன்களை மரத்தில் செதுக்குவது அவருடைய வேலையாக இருந்தது. பொழுதுபோக்கு என்று யாராவது சொன்னால் அன்று முழுவதும் அவரிடம் முகம் கொடுத்துப் பேசமாட்டார். கடைகளில் அதை லூர் என்பார்கள். அவர் மரமீன் என்றே சொல்வார்.

எனக்கும் அவருக்கும் என்ன பழக்கம் என்று கேட்டவர்கள் உண்டு. பழக்கம் ஒரு தண்ணீர்த் தொட்டியில் தொடங்கியது. என் கணவர் வீடு கட்டியபோது, தோட்டத்துக்குத் தண்ணீர் தேக்கப் பின்புறம் நீளமான சிமென்ட் தொட்டி ஒன்றும் கட்டினார். ஒரு நாள் மாலை மிஸ்டர் ஜெபராஜ் என் கேட்டைத் தட்டி, "மேடம், உங்க தொட்டியக் கொஞ்ச நேரம் தருவீங்களா?" என்று கேட்டார். அந்த நாட்களில் என் கேட்டைத் தட்டியவர்களில் பாதிப் பேர் நிலம் கேட்டு வந்தவர்கள். மீதிப் பேர், நிலம் கேட்க வரவில்லை என்று சொல்லிக்கொண்டு நிலம் கேட்டு வந்தவர்கள். தொட்டி கேட்டு வந்தவர் இவர் ஒருவர்தான் என்பதாலேயே இவர்மேல் எனக்கு அதிகச் சந்தேகம் வந்தது. என் வீட்டுப் பின்புறத்தில் தொட்டி இருப்பது உங்களுக்கு எப்படித் தெரியும் என்றேன். அடுக்குமாடியின் மொட்டை மாடியிலிருந்து பார்த்தேன் என்றார். அடுத்தவர் வீட்டை மொட்டை மாடியிலிருந்து பார்ப்பது நல்ல பழக்கமா என்றேன். "இல்லதான். ஆனா மேடம், என் வீட்டுல பக்கெட்டுதான் இருக்கு. பக்கெட்டுல மீனு திரும்பவே முடியாது" என்றார்.

அடையாள அட்டையைக் காட்டச் சொல்லி வாங்கிப் பார்த்துவிட்டு உள்ளே விட்டேன். நாற்காலி கொடுக்கவில்லை. அவர் பையிலிருந்து விரல் நீள மரமீன் ஒன்றை எடுத்து, அதன் மூக்கில் நூலைக் கட்டித் தொட்டியின் ஒரு முனையில் விட்டார். மறுமுனைக்கு வந்து மெல்ல இழுத்தார். தண்ணீரில் கிடந்த மரத்துண்டு சட்டென்று தலையைக் கவிழ்த்து, இடமும் வலமுமாக உடம்பைத் திருப்பித் திருப்பி நீந்திவந்தது. வாயின் கீழே நாக்கு போல ஒரு சிறிய எஃகுத் தகடு நீட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் அதில் மோதுவதால்தான் அந்த ஆட்டம் என்பதைப் பிற்பாடு அறிந்தேன். அப்போது எனக்குத் தோன்றியதெல்லாம், இந்த மனிதர் எதையோ ஏமாற்றப் பழகிக்கொண்டிருக்கிறார் என்பதுதான்.

"பொய் மீனா?" என்றேன்.

"பொய்னு சொல்லாதீங்க மேடம். பொய்னா அத ஒருத்தன் நம்பணும். விரால் இத நம்பிக் கடிக்கிறதில்ல. எவம்ல என் எடத்துல வந்து ஆட்டம் காட்டுதான்னு கோவத்துலதான் கடிக்கும்."

எனக்கு இது வாய்ச்சாதுரியமாகப் பட்டது. விரால் தன் குஞ்சுகளைக் காவல் காக்கிற மீன் என்பது எனக்குத் தெரியும். அப்படியானால் தாயின் கோபத்தைப் பயன்படுத்தித்தான் பிடிக்கிறீர்களா என்று கேட்டேன். சிவப்பாகக் குஞ்சுக்கூட்டம் தெரிந்தால் அந்தப் பக்கமே தூண்டில் வீசமாட்டேன், வேண்டுமானால் விசாரித்துக்கொள்ளுங்கள் என்றார். விசாரித்தேன். ஏரிக்கரை அருகில் டீக்கடை வைத்திருக்கும் ஏழுமலையும் தூண்டில் போடுகிறவர். "அந்தப் பெருசா? செவப்பா குஞ்சி தெரிஞ்சா கோலை மடக்கினு போயினே இருக்கும்மா. அது போடாதது மட்டுமில்ல, நம்மளையும் போடவுடாது. செம பேஜாரு" என்றார். அதன் பிறகுதான் மிஸ்டர் ஜெபராஜுக்கு என் வீட்டில் நாற்காலி கிடைத்தது.

அவர் வேலை செய்வதைப் பல மாலைகள் அருகிலிருந்து கவனித்திருக்கிறேன். மரம் அவருக்குச் சுங்குவார்சத்திரம் போகும் வழியிலுள்ள பழைய பொருள் கடையிலிருந்து வரும். தொழிற்சாலைகளுக்கு வெளிநாட்டிலிருந்து இயந்திரங்கள் வருகிற பைன் மரப் பெட்டிகளை அங்கே உடைத்துக் குவித்திருப்பார்கள். பலகைகளை ஒவ்வொன்றாகப் புரட்டி, பூச்சி அரிக்காமல் இருக்க மருந்து அடித்த மரமா, சூடேற்றிய மரமா என்று முத்திரையைப் பார்ப்பார். முத்திரையையும் நம்பமாட்டார். மூக்கை வைத்து முகர்ந்து பார்ப்பார். கடைக்காரர் ஒரு முறை, "இன்னா சார், பலகைய மோந்து மோந்து பாக்குற? பிரியாணியா செய்யப்போற?" என்று கேட்டதை அவரே என்னிடம் சொல்லிச் சிரித்தார். சூடேற்றிய மரம் தண்ணீரில் ஊறினாலும் வாடை விடாதாம். மருந்து அடித்ததை விரால் வாயில் வைத்ததும் துப்பிவிடுமாம்.

பலகையை ரம்பத்தால் அறுக்காமல், நார் ஓடுகிற போக்கில் பிளப்பார். பிறகு ஒரே ஒரு கத்தி. வயிற்றைக் கீறி, மூக்கிலிருந்து வால்வரை கம்பி ஒன்றை உள்ளே ஓட்டுவார். பெரிய மீன் இழுத்தால் மரம் பிளந்தாலும் தூண்டில் முள் கையோடு வர வேண்டும் என்பதற்காக. வயிற்றில் ஈயத் துணுக்கு வைப்பார். சாயம் பூசுவார். அதன் பிறகு தொட்டி. மீன் ஒரு பக்கம் சாய்ந்து நீந்தினால் எடுத்துத் துடைத்து, காகிதக் கனத்துக்கு ஒரு செதில் சீவி, மறுபடி சாயம் தொட்டுக் காயவைத்து, மறுநாள் மறுபடி தொட்டி. ஒரே மீனோடு அவர் ஒரு வாரம் முழுவதும் வந்துபோனதுண்டு. கான்வென்ட்டில் எங்களுக்குத் தையல் கற்பித்த சிஸ்டர், பின்பக்கம் முன்பக்கத்தைப் போலவே இருக்க வேண்டும் என்று தையலைப் பிரிக்கச் சொல்வார். அவருக்குப் பிறகு அப்படிப் பிரித்துச் செய்கிற ஒருவரை என் தொட்டிக்கரையில்தான் பார்த்தேன்.

ஆனாலும் என் சந்தேகம் போகவில்லை. வாழ்நாள் முழுவதும் அச்சு செய்தவர், இதற்கும் ஒரு அச்சு செய்தால் ஒரே நாளில் ஒரு கூடை வார்த்துவிடலாமே, ஏன் இந்தப் பிடிவாதம் என்று கேட்டேன். கைவேலை என்று சொல்லிப் பெயர் வாங்கும் ஆசைதான் என்று நினைத்திருந்தேன்.

"பம்பர் செஞ்சா ஒண்ணுபோல ஒண்ணு இருக்கணும் மேடம். இல்லன்னா வண்டியில மாட்டாது. நானே இம்மி பிசகுனா தூக்கி எறிஞ்சவன். ஆனா இது பம்பர் இல்ல. அச்சுல வார்த்தா எல்லாம் ஒரே ஆளு. ஏரியில எல்லாரும் அதே ஆளையே வீசுனா, விரால் கொஞ்ச நாள்லயே ஆளத் தெரிஞ்சு வச்சுக்கும். மரத்துல செஞ்சா ஒவ்வொண்ணுக்கும் ஒரு நடை. நானே நெனச்சாலும் அதே நடைய ரெண்டாவதுல கொண்டுவர முடியாது" என்றார்.

இதற்கும் சான்று ஒரு நாள் கிடைத்தது. யாரோ ஒருவர் அவரிடம் மரமீன் ஒன்றை இரவல் வாங்கிப் போய், அதே வடிவத்தைப் பிளாஸ்டிக்கில் வார்த்து விற்கத் தொடங்கியிருந்தார். கடையில் அதைக் கண்டு வாங்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். சண்டைக்குப் போவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ அதைத் தொட்டியில் விட்டு இழுத்தார். அது சீப்பை இழுத்ததுபோல நேராக வந்தது. "பாத்தீங்களா? நடக்கத் தெரியாத பிள்ளைக்கு என் சட்டையப் போட்டு விட்டுருக்கான்" என்று சொல்லி, தொட்டிக்கரையில் உட்கார்ந்து வெகுநேரம் சிரித்தார்.

அவரிடம் ஒரு விதி இருந்தது. இந்த மலரைப் படிக்கிற தூண்டில் நண்பர்களுக்கு அது தெரிந்திருக்கும். அவர் குடும்பத்துக்குத் தெரியாமல் போனதுதான் எல்லாவற்றுக்கும் காரணம். செய்து முடித்த மரமீனை அவர் யாருக்கும் கொடுக்கமாட்டார். தானே ஏரிக்குக் கொண்டுபோய் வீசுவார். ஒரு விராலாவது அதைக் கடிக்க வேண்டும். சாயத்திலும் மரத்திலும் பல் தடம் விழ வேண்டும். விழுந்த பிறகுதான் அதை மரமீன் என்று சொல்வார். "பல் படாத வரைக்கும் அது பொம்மை மேடம். நான் நல்லாருக்குன்னு சொன்னா போதுமா? நான் செஞ்சவன். மீனு சொல்லணும்" என்பார். மழைக்காலம் ஒன்று முழுவதும் பல் படாமல் காத்திருந்த மீன்கள் உண்டு. எவ்வளவு கெஞ்சினாலும் அவற்றைக் கொடுக்கமாட்டார். உங்களில் யாரிடமாவது அவர் தந்த மரமீன் இருந்தால் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பெரும்பாலும் வயிற்றோரத்திலும் வாலுக்கு முன்னாலும் குத்திய புள்ளிகளும் இழுத்த கோடுகளும் இருக்கும்.

இந்தத் தடங்களை அவரே ஊசியால் போடுகிறார் என்று நான் சந்தேகப்பட்டேன். கிராக்கி ஏற்றுவதற்கு அது நல்ல வழி என்று எனக்குத் தோன்றியது. அதை அவரிடமே சொன்னேன். கோபம் வந்துவிட்டது. "அப்ப நாளைக்குக் காலையில ஏரிக்கு வாங்க. வந்து நின்னு பாருங்க" என்றார். குடையை எடுத்துக்கொண்டு போனேன். ஏழுமலை ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டு, "மேடமே எறங்கிட்டாங்க, இனிமே விராலுக்கு இங்கிலீஷுதான்" என்றார். அல்லிக்கொடிகளின் ஓரமாக மிஸ்டர் ஜெபராஜ் வீசினார், இழுத்தார், வீசினார். புதிய மீன் ஒன்று, பச்சை முதுகு, ஒரு பல் தடம்கூட இல்லாதது. கிளம்பும்முன் நானே வாங்கிச் சுற்றிலும் பார்த்திருந்தேன். வெயில் ஏறிக்கொண்டே போனது. நான் எழுந்து கிளம்பலாம் என்று குடையை விரித்தபோது, தண்ணீர் உடைந்தது போலச் சத்தம் கேட்டது. கோல் வளைந்தது. ஒரு கறுத்த முதுகு புரண்டதைப் பார்த்தேன். அடுத்த கணம் நூல் தளர்ந்துவிட்டது. மீன் விட்டுவிட்டுப் போய்விட்டது.

நூலைச் சுற்றி மரமீனை இழுத்தெடுத்து, துடைக்காமல் என் உள்ளங்கையில் வைத்தார். பச்சை முதுகில் புதிதாகக் கீறல்கள். சாயம் உரிந்து வெளுத்த மரம் தெரிந்தது. "ஊசியா மேடம்?" என்றார். இல்லை என்றேன். மீன் தப்பியதில் அவருக்குத் துளியும் வருத்தம் இல்லை. வழியெல்லாம் அந்தக் கீறலையே ஏழுமலையிடமும் எதிரே வந்தவர்களிடமும் காட்டிக்கொண்டு வந்தார். பல் பட்ட பிறகு ஒரு மரமீனின் மதிப்பு என்ன என்பதை அன்று கண்ணால் பார்த்தேன். அதைச் செய்தவருடைய வாய்ச்சொல்லை இனி யாரும் நம்ப வேண்டிய தேவை இல்லை. என்னைப் போன்றவர்களுக்கு அதைவிட உயர்ந்த மதிப்பு எதுவும் கிடையாது.

இப்போது பெட்டிக்கு வருகிறேன். மருத்துவமனைக்குப் போவதற்கு முந்தைய மாலை, மூச்சு வாங்கிக்கொண்டு அதைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். உள்ளே அவர் யாருக்கும் தராமல் தனக்கென்று வைத்துக்கொண்டவை இருந்தன. அதிகமாகக் கடிபட்டவை அவைதான். சிலவற்றில் சாயமே மிச்சமில்லை. உங்கள் மகளிடம் கொடுக்காமல் ஏன் என்னிடம் என்று கேட்டேன். "நீங்க யாரையும் நம்பமாட்டீங்க. அதனாலதான்" என்றார். வீட்டில் யாரையாவது சந்தேகப்படுகிறீர்களா என்றேன்.

"மாப்பிள்ளை ரொம்ப நல்லவரு மேடம். அதான் பயமா இருக்கு" என்றார்.

அதற்குமேல் அவர் சொல்லவில்லை. கெட்டவரைப் பற்றிச் சொல்கிற பேச்சை நல்லவரைப் பற்றிச் சொல்கிறாரே என்று எனக்குக் குழப்பம். அன்றிலிருந்து அவருடைய மருமகன் எட்வினை நான் கவனிக்கத் தொடங்கினேன். எட்வின் ஒரகடத்தில் ஒரு கார் தொழிற்சாலையில், சாயம் அடித்து வரும் கார்களைச் சோதிக்கும் பிரிவில் இருப்பவர். விளக்கு வெளிச்சத்தில் கார்க் கதவைப் பார்த்து, தலைமுடி அளவு கீறல் இருந்தாலும் பிடித்துவிடுவாராம். மாமனாரின் மருந்துகளை வேளை தவறாமல் கொடுத்தவர். அவர்மேல் குறை சொல்ல எனக்கு எதுவும் கிடைக்கவில்லை. கிடைக்காததும் எனக்கு நெருடலாகவே இருந்தது.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்து, ஜெபக்கூட்டம் அடுக்குமாடியின் கீழ்த்தளக் கூடத்தில் நடந்தது. அவருடைய வேலை அறைச் சுவரில் மாட்டியிருந்த மரமீன்களையெல்லாம் கண்ணாடி அலமாரியில் அடுக்கி, விளக்குப் போட்டிருந்தார்கள். வந்தவர்கள் வரிசையாகப் பார்த்தார்கள். பேசிய நண்பர் ஒருவர், என்ன வழவழப்பு, என்ன பளபளப்பு, இயந்திரம் தோற்றுவிடும் என்று புகழ்ந்தார். நான் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு அருகே போய்ப் பார்த்தேன். ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எதிலும் ஒரு பல் தடம்கூட இல்லை. பல் படாததை அவர் சுவரில் மாட்டமாட்டார். பிளாஸ்டிக் வார்த்த ஆசாமியின் நினைவு வந்தது. யாரோ மூலமீன்களை எடுத்துக்கொண்டு போலிகளை வைத்துவிட்டார்கள் என்று முடிவு செய்தேன். "இவை மிஸ்டர் ஜெபராஜ் செய்தவை அல்ல" என்று எல்லார் முன்னிலும் சொன்னேன். பியூலாவின் முகம் சிவந்ததைப் பார்த்தேன்.

எட்வின்தான் எழுந்து வந்தார். "ஆன்ட்டி, மாமா செஞ்சதுதான். எல்லாம் ஸ்க்ராட்ச்சும் டென்ட்டுமா டேமேஜ் ஆகி இருந்துச்சி. நாலு பேரு வந்து பாக்குறப்போ மாமா பேரு கெடக்கூடாதுல்ல? நான்தான் ஷிப்ட் முடிச்சிட்டு வந்து, ஃபில்லர் வெச்சி, தேச்சி, கிளியர் கோட் அடிச்சேன். எல்லாத்தையும் ரீவொர்க் பண்ணிட்டேன்" என்றார். பெருமையோடும் அழுகையோடும் சொன்னார். முன்பே ஒரு மீனை அப்படிப் புதுப்பித்து மாமனாரின் பிறந்தநாளுக்குக் கொடுத்தாராம். மாமா ஒன்றும் சொல்லாமல் தட்டிக்கொடுத்தாராம்.

மாப்பிள்ளை நல்லவர், அதனால் பயமாக இருக்கிறது என்ற சொல் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

விளங்கினாலும் நம்பவில்லை. மறுநாள் ஒரு மீனை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வரச் சொன்னேன். வந்தார். தொட்டியில் விட்டு இழுக்கச் சொன்னேன். மீன் பக்கவாட்டில் படுத்துக்கொண்டு, வயிறு மேலே தெரிய வட்டமடித்தது. இன்னொரு முறை இழுத்தார். அப்படியேதான். கீறல்களில் பூசியடைத்ததும் மேலே அடித்த பூச்சும் அதன் சமநிலையைக் கெடுத்துவிட்டன. ஆனால் வாயிலிருந்த எஃகு நாக்கு மிஸ்டர் ஜெபராஜ் அரம் போட்டது. அந்த அரத்தின் தடத்தை நான் அறிவேன். மீன் அவருடையதுதான். போலி என்று நான் சொன்னது தவறு. அதைத் திருத்தி அறிவிக்கவும் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

பல் தடத்தைப் பற்றி எட்வினிடம் சொன்னேன். அவர் ஈர மீனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"அப்போ அதெல்லாம் டிஃபெக்ட் இல்லியா ஆன்ட்டி?"

"உங்கள் தொழிற்சாலையில் சோதித்துத் தேறியதற்கு ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவீர்கள் அல்லவா? அதைத்தான் தேய்த்து எடுத்துவிட்டீர்கள்."

அவர் தொட்டிக்கரையில், மாமனார் உட்காருகிற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். ஆறுதல் சொல்வதில் எனக்குப் பழக்கமில்லை. காப்பி கொடுத்தேன். கிளம்பும்போது, பெட்டியில் இருப்பவற்றை இனி தொடவே மாட்டேன், கொடுத்துவிடுங்கள் என்றார். பியூலா அதற்குப் பிறகு போனில், அப்பா பொருளை வைத்துக்கொள்ள நீங்கள் யார் என்று கேட்டாள். கேட்க அவளுக்கு உரிமை உண்டு. அந்தப் பெட்டி பியூலாவுக்கு உரியது. இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எட்வின் மனதாரச் சொன்னார் என்பதிலும் இல்லை. ஆனால் தூண்டில் நண்பர்கள் அதை வாங்கி நிரந்தரக் காட்சியாக வைக்கப்போவதாகக் கேள்விப்படுகிறேன். காட்சி என்று வந்தால் துடைக்க ஒருவர் வருவார். துடைத்தவர் போதாது என்று மெருகேற்ற ஒருவர் வருவார். எல்லாரும் நல்லவர்களாக இருப்பார்கள். திருடனுக்குப் பூட்டு போதும். நல்லெண்ணத்துக்கு எந்தப் பூட்டு போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. சுவரில் இருந்தவை அழிந்துவிட்ட பிறகு, பல் தடத்தோடு அவர் வைத்திருந்தவற்றில் மிஞ்சியவை இந்தப் பெட்டியில் இருப்பவை மட்டுமே.

பித்தளையில் முகம் தெரியும்வரை தேய்க்க வேண்டும் என்று வளர்க்கப்பட்டவள் நான். கறை என்றால் குறை என்றே எனக்குச் சொல்லித்தந்தார்கள். மிஸ்டர் ஜெபராஜிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்று உண்டு. ஒரு பொருளில் கீறலைக் கண்டால், அதைக் குறை என்று சொல்வதற்கு முன், இதை எது கடித்தது என்று இப்போது கேட்டுக்கொள்கிறேன். என்னை யாரும் நம்பி எதையும் ஒப்படைத்ததில்லை. நான் யாரையும் நம்பாதவள் என்பதற்காகவே ஒருவர் ஒப்படைத்தார். அந்த மரியாதையையும் வைத்துக்கொள்கிறேன். பெட்டியை வைத்துக்கொள்ளமாட்டேன்.

பியூலா, எட்வின், தூண்டில் நண்பர்களின் செயலாளர் ஆகிய மூவருக்கும் என் வேண்டுகோள் இது. பெட்டியிலுள்ள மரமீன்களைத் தேய்க்கவோ, பூசவோ, சாயம் அடிக்கவோ, மெருகேற்றவோ மாட்டோம் என்று ஒப்புக்கொள்ளுங்கள். ஏரியில் வீசலாம். புதிய பற்கள் பட்டால் எனக்கு ஆட்சேபம் இல்லை. போனில் சொல்ல வேண்டாம், வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் படம் அனுப்பவும் வேண்டாம். மூவரும் கையெழுத்திட்டு, எழுத்தில் பதில் தாருங்கள். பதில் வருகிற அன்றே வந்து பெட்டியை எடுத்துக்கொள்ளலாம்.